பதினோரு மணி வடை

அரசாங்கம் எனக்கு அறுபது வயதில் ஓய்வு கொடுத்தது. என் பசிக்குக் கொடுக்க மறந்துவிட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் காலை பதினோரு மணிக்கு ஒரு மெதுவடை, ஒரு டீ. சாயங்காலம் நாலு மணிக்கு வாழைக்காய் பஜ்ஜி, இன்னொரு டீ என்று ஆபீஸ் வாழ்க்கை ஓடியது. இப்போது கும்பகோணத்தில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன். ஃபைல் இல்லை, மெமோ இல்லை, முறைக்க அதிகாரி இல்லை. ஆனால் பதினோரு மணி அடித்தால் வயிறு வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிடுகிறது. பணியில் இருந்த காலத்தில் நான்கூட அவ்வளவு நேரந்தவறாமல் ஆபீஸ் போனதில்லை.

"ஒன்பது மணிக்குத்தானே ஆறு இட்லி சாப்பிட்டீங்க?" என்று மனைவி கேட்பாள்.

எனக்கு வந்திருப்பது யானைத்தீ என்று ஒரு நாள் அவளிடம் அறிவித்தேன். மணிமேகலையில் வரும் நோய் அது. எவ்வளவு தின்றாலும் அடங்காத பசி. காயசண்டிகை என்ற வித்தியாதரப் பெண்ணுக்கு வந்தது. விருச்சிக முனிவர் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறைதான் சாப்பிடுவார். அதுவும் ஒரே ஒரு நாவல்பழம். பனம்பழம் அளவுக்கு இருக்கும் அந்தப் பழத்தைத் தேக்கிலையில் வைத்துவிட்டு அவர் குளிக்கப் போன நேரத்தில், அந்த அம்மாள் செருக்கோடு வந்து மிதித்துவிட்டாள். 'நீ பன்னிரண்டு வருஷம் பசியில் கிட' என்று சாபம் விழுந்தது. பிறகு அமுதசுரபியிலிருந்து மணிமேகலை இட்ட சோற்றால் அது தீர்ந்தது. இவ்வளவையும் உருக்கமாகச் சொல்லி முடித்தேன்.

"மிதிச்சதுக்கே அந்தச் சாபம். நீங்களா இருந்தா தின்னே இருப்பீங்க" என்றாள் மனைவி. அமுதசுரபி பற்றி நான் ஜாடையாகச் சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இலக்கியம் கைவிட்டதும் மருத்துவத்தை நம்பினேன். ஓயாத பசிக்குச் சர்க்கரை காரணமாக இருக்கலாம், தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் பசி எடுக்கும், சில மாத்திரைகளும் பசியைக் கிளப்பும் என்று டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி 5.7க்குக் கீழே இருந்தால் பயமில்லை, 6.5ஐத் தொட்டால் சர்க்கரை நோய். எனக்குக் கீழேதான் இருந்தது. தைராய்டும் ஒழுங்கு. மாத்திரை எதுவும் நான் சாப்பிடுவதில்லை. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி, எனக்கு மட்டும் லேசான ஏமாற்றம். ஒரு சின்ன வியாதியாவது இருந்திருந்தால் மரியாதையாகச் சாப்பிட்டிருக்கலாம். "உடம்புல ஒண்ணும் இல்லை சார், பழக்கத்தை மாத்துங்க" என்று டாக்டர் சொன்னதை மனைவி பெங்களூரில் இருக்கும் மகளுக்கு அன்று ராத்திரியே போனில் ஒப்பித்துவிட்டாள். அத்துடன் வீட்டு நிர்வாகம் கைமாறியது.

மகள் சொல்லித்தான் கிரெலின் என்ற பெயரே எனக்குத் தெரியும். 1999இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்த ஹார்மோன். இரைப்பையில் சுரந்து, மூளையிடம் போய்ச் சோறு கேட்கும். வயிறு காலியா என்று பார்ப்பதோடு அது நிற்பதில்லை. தினமும் எந்நேரம் சாப்பிடுகிறோம் என்பதையும் கற்றுவைத்துக்கொண்டு, அந்த நேரம் நெருங்கும்போது தானாக ஏறுகிறது. நாம் ஒன்றும் போடாமல் பொறுத்தால் கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கியும் விடுகிறது.

"பார்த்தியாப்பா? உனக்குப் பதினோரு மணிக்கு வர்றது பசியே இல்லை. ஆபீஸ் கேன்டீன் ஞாபகம்."

ஞாபகமோ என்னமோ, அது வடை கேட்கிறது.

மகளின் முதல் உத்தரவு, மெதுவாக மென்று சாப்பிடுவது. வயிறு நிறைந்த சேதி மூளைக்குப் போய்ச் சேர இருபது நிமிஷம் ஆகுமாம். எங்கள் ஆபீஸில் கீழ்த்தளத்திலிருந்து மாடிக்கு ஒரு தபால் போக எடுத்துக்கொண்ட காலத்தைப் பார்த்தவனுக்கு இது மின்னல் வேகம். ஆனால் நான் ஆறு இட்லியை முடிக்கும் வேகம் அதைவிட மின்னல். சேதி போய்ச் சேரும்போது நான் கை கழுவிவிட்டு வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருப்பேன். சரியென்று மென்றேன். ஒவ்வொரு வாய்க்கும் கண்ணை மூடிக்கொண்டு மென்றேன். தட்டின் முன் அவ்வளவு நேரம் ஒரு மனிதன் உட்கார்ந்திருந்தால் தோசை வார்க்கிறவளுக்கு என்ன தோன்றும்? கேட்கக் கூச்சப்படுகிறார் என்று தோன்றும். இன்னும் இரண்டு விழுந்தது.

அடுத்தது உருளைக்கிழங்கு. எந்தச் சாப்பாடு எவ்வளவு தூரம் பசியை அடக்கும் என்று 1995இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் 38 உணவுகளை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 மார்க் என்று வைத்துக்கொண்டதில் வெறும் வேகவைத்த உருளைக்கிழங்கு 323 வாங்கி முதலிடம். வெண்ணெய் போட்ட குரோசானுக்கு 47. உருளைக்கிழங்கு என்ற சொல்லைக் கேட்டதும் என் காது கூர்மையானதை நான் மறைக்கவில்லை. கும்பகோணத்துக்காரனுக்கு உருளைக்கிழங்கு என்றால் கடப்பா. பாசிப்பருப்போடு வெந்த கிழங்கை மசித்து, தேங்காய், கசகசா, சோம்பு, பச்சை மிளகாய் அரைத்து ஊற்றிக் கொதிக்கவிட்டு, பட்டை லவங்கம் தாளித்து இறக்குவது. சிட்னிக்காரர்கள் இதை ருசி பார்த்திருந்தால் பட்டியலை அன்றைக்கே கிழித்துப் போட்டிருப்பார்கள். ஏனென்றால் கடப்பாவைத் தனியாகச் சாப்பிட முடியாது, இட்லி வேண்டும். தட்டில் இட்லி தீர்ந்து கடப்பா மிஞ்சும், இட்லி வைப்பார்கள். பிறகு கடப்பா தீர்ந்து இட்லி மிஞ்சும், கடப்பா ஊற்றுவார்கள். இரண்டும் ஒரே சமயத்தில் தீர்ந்த வரலாறு எங்கள் வீட்டில் கிடையாது.

சாப்பாட்டுக்கு முன் ஒரு சொம்புத் தண்ணீர் என்றாள் மகள். குடித்தேன். அதன் பலனாக நடுராத்திரி எழுந்திருக்க வேண்டியிருந்தது. போகிற வழியில் ஃபிரிட்ஜ்.

நடைப்பயிற்சியைப் பற்றி விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. மகாமகக் குளத்தைச் சுற்றி நடக்கலாம்தான். சுற்றி வந்தால் டிகிரி காபி மணக்கும் என்பதை மாநகராட்சிதான் யோசித்திருக்க வேண்டும்.

தூக்கம் மட்டும் எனக்குப் பிடித்த உத்தரவு. 2004இல் வெளிவந்த சிகாகோ ஆராய்ச்சி ஒன்று. பன்னிரண்டு இளைஞர்களை இரண்டு ராத்திரி நாலு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். நிறையத் தூங்கிய நாள்களோடு ஒப்பிட்டால் கிரெலின் 28 சதவீதம் ஏறி, போதும் என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் இறங்கியிருந்ததாம். ஆக, தூக்கம் குறைந்தால் பசி கூடும். விஞ்ஞானத்துக்கு மதிப்புக் கொடுத்து மத்தியானமும் தூங்க ஆரம்பித்தேன். எழுந்தால் மணி நாலு. பஜ்ஜி நேரம்.

இதற்கு நடுவில் முறுக்கு டப்பாவை மனைவி பரணில் ஏற்றிவிட்டாள். கண்ணில் படாதது வாயில் விழாது என்பது மகளின் சித்தாந்தம். இரண்டு முழங்காலும் வலிக்க ஸ்டூல் போட்டு ஏறுவது ஒரு பாடு; டப்பாவைத் திறப்பது அதைவிடப் பெரிய பாடு. எவர்சில்வர் மூடிக்கு ஒரு குரல் உண்டு. மொட்டை மாடியில் துணி உலர்த்துகிறவளுக்கும் கேட்கும். துண்டை மூடி மேல் போட்டு, கட்டை விரலால் ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினால் சத்தம் வராது. ஆனால் முறுக்கைத் துண்டு போட்டு மூடிக் கடிக்க முடியாதே. ஒடித்து வாயில் அடக்கிக்கொண்டு, நாக்காலும் அண்ணத்தாலும் அழுத்தி, அது ஊறி நமக்கும் உலகத்துக்கும் தொந்தரவில்லாமல் கரையும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து வீடியோ காலில் மகள் வருவாள்.

"அப்பா, வாயில என்ன?"

"ம்ம்."

"வாயைத் திற."

அவள் கைக்குழந்தையாய் மண்ணைத் தின்றபோது நான் கேட்ட அதே தொனி.

உண்மையாகவே வேலை செய்த வைத்தியம் ஒன்றே ஒன்று. அதற்கு ஆராய்ச்சி எதுவும் தேவைப்படவில்லை. ஒரு நாள் பதினோரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மனைவி திண்ணையில் பேப்பரை விரித்து, ஒரு கட்டு முருங்கைக்கீரையைப் போட்டு, "இதை ஆஞ்சு குடுங்க" என்றாள். முருங்கைக்கீரை ஆய்ந்தவர்களுக்குத் தெரியும். பெரிய காம்பிலிருந்து சின்னக் காம்பு, அதிலிருந்து இன்னும் சின்னக் காம்பு, அதன் முனையில் கால் ரூபாய் அளவுகூட இல்லாத இலை. அவசரப்பட்டு உருவினால் ஈர்க்கும் சேர்ந்து வரும். அப்புறம் சாப்பிடுகிற எல்லாரும் நம்மைத் திட்டுவார்கள். பழுத்த இலை, பூச்சி கூடு கட்டியது எல்லாம் தனி. விரல் நுனி பச்சையாகிவிடும், அந்த விரலை வாயில் வைக்கத் தோன்றாது. கீரையையும் பச்சையாகத் தின்ன முடியாது. தலை நிமிர்ந்தபோது மணி பன்னிரண்டே கால். வடை ஞாபகம் வந்து, ஆளில்லை என்று திரும்பிப் போயிருந்தது. கொஞ்ச நேரம் பொறுத்தால் இறங்கிவிடும் என்று மகள் சொன்னது நிஜம்தான். ஆனால் 'பொறு' என்று சொல்லி என்னைப் பொறுக்கவைக்க இதுவரை யாராலும் முடிந்ததில்லை.

அன்றிலிருந்து எங்கள் தெருவில் முருங்கைக்கீரை அதிகம் வாங்கும் வீடு எங்களுடையது. நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. எதிர்வீட்டு அக்கா ஒரு நாள் திண்ணைப்பக்கம் வந்தவர் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்.

"எதுக்கு சார் இவ்வளவு கஷ்டம்? ராத்திரி துணியில சுத்தி வச்சா காலையில இலை எல்லாம் தானா உதிர்ந்திடுமே! உங்க வீட்டம்மாதான் எனக்கே சொல்லிக் கொடுத்தாங்க."

உள்ளேயிருந்து சத்தமே இல்லை. மறுநாள் இரண்டு கிலோ சின்ன வெங்காயம் வந்து இறங்கியது.