மேலேயே போட்டுடலாம் சார்!

அடுக்குமாடிக் குடியிருப்பில் கார் போகும் கான்கிரீட் பாதை வெடித்துவிட்டால் போதும், ‘மேலேயே போட்டுடலாம்’ மேஸ்திரி எங்கிருந்தோ ஆஜராகிவிடுவார். செருப்புக் காலால் தரையை இரண்டு தட்டுத் தட்டுவார்; மண் பரிசோதனை, பாரப் பரிசோதனை எல்லாம் அதில் அடக்கம். “அடியில கல்லு மாதிரி இருக்கு சார். எதுக்கு உடைச்சுக்கிட்டு? ரெண்டு இஞ்ச் தார் போட்டா பளபளன்னு ஆயிடும்” என்பார். சங்கச் செயலாளருக்கு இதைவிட இனிய சொல் உலகில் கிடையாது. பொதுக்குழு கூடுமுன் தரை கறுப்பாகிவிட வேண்டும் என்பதே அவர் கவலை. மேஸ்திரியை அயோக்கியர் என்று சொல்லிவிட முடியாது. மறைந்தது தீர்ந்தது என்று அவர் மனமார நம்புகிறார். எனக்குத் தகராறே அந்த நம்பிக்கையோடுதான்.

ஏனென்றால் கான்கிரீட் சும்மா கிடக்கிற பொருள் அல்ல. வெயிலில் விரியும், இரவில் சுருங்கும். 5 மீட்டர் நீள ஸ்லாப், 30 டிகிரி வெப்ப வித்தியாசத்துக்குச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். பார்க்க அற்பம்தான். ஆனால் அத்தனை அசைவும் இரண்டு ஸ்லாப்புகளுக்கு நடுவிலுள்ள இணைப்பில் போய்க் குவிகிறது. அதன்மேல் ஒட்டிக்கிடக்கும் தார் அந்த ஒரே கோட்டில் இழுபட்டு இழுபட்டுக் கிழிகிறது. தண்ணீர் லாரி ஏறும்போது ஸ்லாப் முனை ஆடினால் கேட்கவே வேண்டாம். பழைய வெடிப்பு, பழைய இடத்திலேயே, சொத்தைப் பல்லுக்குத் தங்கமுலாம் பூசிய கதையாக மேலே வந்து எட்டிப் பார்க்கும். பொறியாளர்கள் இதைப் பிரதிபலிப்பு வெடிப்பு என்பார்கள். மேஸ்திரி “இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி சார்” என்பார். அந்த வெடிப்பு வழியே இறங்கும் மழைநீர் இரண்டு அடுக்குக்கும் நடுவில் தங்கி, தாரை அப்பளமாகப் பெயர்த்தெடுக்கும்.

“அமெரிக்காவுலயே கான்கிரீட் மேலதான் தார் போடறான்” என்று எதிர்வாதம் வரும். உண்மைதான். ஆனால் அங்கே ஆடும் ஸ்லாப்பை முதலில் சரிசெய்கிறார்கள், அல்லது நொறுக்கி ரோலர் ஓட்டி அடித்தளமாக்குகிறார்கள். சில இடங்களில் பழைய இணைப்புக்கு நேர் மேலே தாரை அறுத்து, நெகிழும் பசையால் அடைக்கிறார்கள். மேஸ்திரி இறக்குமதி செய்வது மேலே தார் போடுவதை மட்டும். உடைத்தால் செலவு, தூசி, இடிபாடு என்பதும் நியாயமே. ஸ்லாப் ஆடாமல், நீர் வடிந்துகொண்டிருந்தால், நன்றாகக் கழுவிக் காயவைத்து, ஒட்டுத்தார் தெளித்து மேலே போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அப்போதும் உயரக் கணக்கு மிச்சமிருக்கிறது: கேட் தரையில் இடிக்கும், மழைநீர் லிஃப்ட் குழியைத் தேடும். இந்த மேஸ்திரிக்கு அரசாங்கத்திலும் உறவினர்கள் உண்டு. சாலைமேல் சாலை போட்டு வீடுகள் பள்ளத்துக்குப் போனதால்தான், பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்த பிறகே புதிது போட வேண்டும் என்று 2021-இல் தமிழகத் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவிட வேண்டியிருந்தது.

ஆகவே செயலாளர்களே, கையெழுத்துப் போடுமுன் தண்ணீர் லாரி வரும் நேரத்தில் இணைப்பின் அருகே குனிந்து பாருங்கள். ஸ்லாப் ஆடினால் உடைத்தெடுக்கக் கம்ப்ரசர்காரரைக் கூப்பிடுங்கள்; மேஸ்திரிக்கு ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.