பிப்ரவரிப் பெரியவர்

பொங்கல் கரும்புச் சக்கையை அள்ளிப் போட்ட கையோடு இவருக்கு சீசன் ஆரம்பித்துவிடும். மற்ற மாதங்களில் சுகர், சொத்து வரி, பேரனின் அட்மிஷன் என்று சாதுவாகப் பேசிக்கொண்டிருப்பவர், பிப்ரவரி பிறந்ததும் பூங்காவின் சிமென்ட் பெஞ்சில் கலாசாரக் காவலுக்கு உட்கார்ந்துவிடுவார். எதிர் பெஞ்சில் ஒரு பையனும் பெண்ணும் ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டால் போதும். "சார், வாலன்டைன் யாருன்னு தெரியுமா இதுகளுக்கு?"

நமக்கும் தெரியாது என்பதை முகத்திலேயே படித்துவிடுவார். பிறகு நடைப்பயிற்சி ஏது?

ரோமாபுரியில் 3ஆம் நூற்றாண்டில் தலை வெட்டப்பட்ட பாதிரியாராம். அந்தப் பெயரில் இருந்தது ஒருவரா இருவரா என்பதே தகராறாம். ரகசியக் கல்யாணம் செய்துவைத்தார் என்பதெல்லாம் பின்னால் ஒட்டவைத்த கதையாம். 14ஆம் நூற்றாண்டில் சாசர் என்ற ஆங்கிலக் கவிஞர், வாலன்டைன் நாளில் பறவைகள் ஜோடி தேடுகின்றன என்று எழுதப்போக, பிடித்தது வினை. 1860களில் கேட்பரி கம்பெனி இதய வடிவப் பெட்டியில் சாக்லேட்டை அடைத்தது. 1969இல் வத்திக்கான் தன் பொது நாள்காட்டியிலிருந்தே வாலன்டைன் திருநாளை எடுத்துவிட்டது. "ரோமாபுரிக்காரனே கைகழுவிட்டான், நம்ம பசங்க விடமாட்டேங்கிறாங்க சார்!" என்று நம் தொடையில் ஓங்கித் தட்டுவார். காதலர் தினத்தை இவ்வளவு சிரத்தையாகப் பாடம் பண்ணிய காதலர் எவரையும் நான் பார்த்ததில்லை.

அடுத்தது, "நம்மகிட்ட இல்லாததா?" என்ற பகுதி. புகாரில் 28 நாள் நடந்த இந்திர விழாவை இழுப்பார். 28 நாள் கொண்டாடிய பரம்பரைக்கு ஒரு நாள் ஏன் உறுத்துகிறது என்று கேட்கக் கூடாது. அந்த விழா முடிந்த கையோடுதான் கோவலனும் மாதவியும் கடற்கரையில் பாட்டுப் பாடியே பிரிந்தார்கள் என்று ஒருமுறை எடுத்துக் கொடுத்தேன். பேச்சை மாட்டுக்குத் திருப்பிவிட்டார். 2023இல் விலங்குகள் நல வாரியம், பிப்ரவரி 14 அன்று பசுவைக் கட்டிப்பிடியுங்கள் என்று சொல்லிவிட்டுச் சில நாளிலேயே வாபஸ் வாங்கியதில் அவருக்கு இன்னும் மனத்தாங்கல். ஆனால் பூங்கா வாசலில் பால்காரரின் மாடு நின்றால், பின்பக்கக் கேட் வழியாகத்தான் வீட்டுக்குப் போவார்.

காமன் பண்டிகைக்கு வந்தால்தான் மனிதர் உண்மையிலேயே சூடு பிடிப்பார். தஞ்சாவூர்ப் பக்கத்து ஊர்களில் மாசி மாதம் நடப்பது. சிவன் நெற்றிக்கண்ணில் காமன் எரிந்துபோனான் என்று ஒரு கட்சி, எரியவே இல்லை என்று இன்னொரு கட்சி. இரண்டும் விடிய விடிய லாவணி பாடி மோதும். பெரியவர் சந்தேகமில்லாமல் எரிந்த கட்சி. எதிர் பெஞ்சுக்காரர்கள் வாயே திறக்காமல் எரியாத கட்சிக்கு வாதாடிக்கொண்டிருப்பார்கள். இடது காது இயர்போன் இதற்குள் வலது காதுக்கு மாறியிருக்கும். இவர் அதையும் கவனித்து வைத்திருப்பார்.

இத்தனை ஆராய்ச்சிக்கும் வீட்டில் மரியாதை இல்லை. "ஊருக்கெல்லாம் விசேஷம் சொல்றீங்களே, வரும்போது ஒரு முழம் மல்லி வாங்கிட்டு வாங்க" என்று மாமி வாசல்வரை வந்து சொல்லி அனுப்புவார். பனிக்காலம், வரத்து குறைவு, மல்லி விலை ஏறிக் கிடக்கிறது என்று பதில் வரும். சரி, ரோஜா? ஓசூரிலிருந்து நல்ல தாஜ்மகால் ரோஜாவெல்லாம் விமானம் ஏறிவிட்டது, மிச்சத்தை யானை விலை சொல்கிறான், நாளைக்குப் பார்க்கலாம் என்பார். சொன்னபடி 15ஆம் தேதி விலை இறங்கியதும் ஒரு கட்டு வாங்கி வருவார். மாமி அதைப் பிள்ளையாருக்குப் போட்டுவிட்டு ஒன்றே ஒன்றைக் கொண்டையில் செருகிக்கொள்வார்.

உங்கள் பேட்டையிலும் இப்படி ஒருவர் இருப்பார். காதலைப் பற்றி அவரிடம் எதுவும் கேட்டுவிடாதீர்கள். பூ விலை கேளுங்கள். அதில் அவர் கணக்குத் தப்பியதே இல்லை.