அம்பாசிடர் மாப்ளைக்கு மாமன் சொல்றது

வாங் மாப்ளே, உக்காருங். கட்டுத்தரையில நின்ன எருமைய வேப்பமரத்தடிக்குத் தாட்டி உட்டுட்டு, அந்த எடத்துல காரை நிறுத்தியிருக்கறீங்களாமா. எம்புள்ள போன்ல சொன்னா. எருமை பால் குடுத்துது, இது பெட்ரோல் குடிக்குது. பரவால்லைங், ஊட்டுக்கு வர்ற ஒறம்பறைக்கு எருமையக் காட்டிப் பெருமை பேச முடியுமா?

1978 மாடல், மார்க் 3. இங்கிலாந்துக்காரன் மோரிஸ் ஆக்ஸ்போர்டை வெச்சு, கல்கத்தாப் பக்கம் உத்தரபாராவுல 1957ல செய்ய ஆரம்பிச்ச வண்டி. 2014ல மூடிட்டாங்க. செஞ்சவனே கைகழுவின வண்டிய நீங்க ரெண்டே முக்கால் லட்சம் குடுத்துக் கைப்புடிச்சிருக்கறீங்க. கொறை சொல்லலைங். எம்புள்ள தோடு இன்னும் அவ காதுலயேதான் கெடக்குதுன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். அந்த மட்டுக்கும் மாமனுக்குச் சந்தோசம்.

இப்ப என்ன கேட்டீங்க? "மாமா, இன்சூரன்சுல எது நெம்பச் சலீசு?" இதுக்கு எங்கிட்ட எதுக்கு வரோணும்? போடாமயே ஓட்டுங், அதவிடச் சலீசு உலகத்துலயே இல்லை. புடிச்சா மொதத் தடவை 2,000 அபராதம், அடுத்த தடவை 4,000. மூணு மாசம் உள்ள வெக்கவும் சட்டத்துல எடமிருக்குது, சாப்பாடு சர்க்கார் செலவு. ஆனா ரோட்டுல ஒருத்தன் மேல ஏத்தி வெச்சீங்கன்னா, கோர்ட்டு தீர்க்கற நட்டஈட்டுக்கு மேல்வரம்பே கெடையாது. அதுக்கு உங்க தோட்டம்தான் போகும். கெணத்து மேட்டுப் பூமி எம்புள்ளைக்கு நான் குடுத்ததுங்கறத மட்டும் சித்த ஞாபகம் வெச்சுக்கங்.

அதனால தேர்டு பார்ட்டி கட்டாயம். அதுல சலீசு, கிராக்கின்னு ஒண்ணும் கெடையாது. ரேட்டு டெல்லியில நிர்ணயிக்கறது, எந்தக் கம்பெனிக்குப் போனாலும் ஒரே வெல. 2022 ஜூன்ல அறிவிச்சபடி ஆயிரம் சி.சி. வரைக்கும் 2,094 ரூபா, அதுக்கு மேல ஆயிரத்து ஐநூறு வரைக்கும் 3,416, அதையும் தாண்டுனா 7,897. வரி தனி. உங்க எஞ்சின் 1,489 சி.சி., பதினோரு சி.சி.யில தப்பிச்சீங்க. தொண்ணூறுகள்ல இசுசு எஞ்சின் வெச்சு வந்த 1,800 அம்பாசிடரை வாங்கியிருந்தீங்கன்னா, அதே கூட்டுக்கு ரெண்டு பங்குக்கும் எச்சாக் கட்டியிருப்பீங்க. "தேர்டு பார்ட்டியில உங்களுக்காக டிஸ்கவுண்ட் வாங்கித் தர்றேன்"னு ஒரு ஏஜெண்டு வந்தான்னா, அவனுக்கு மோர் குடுத்து அனுப்பீருங். கையெழுத்து மட்டும் போட்டுராதீங்க.

ஓ, விண்டேஜா? அதைக் கேப்பீங்கன்னு தெரியும். விண்டேஜ் காரா பதிஞ்ச வண்டிக்குத் தேர்டு பார்ட்டியில பாதி தள்ளுபடி, நெசந்தான். ஆனா 2021ல வந்த விதிப்படி, மொதல்ல பதிஞ்சு அம்பது வருசம் தாண்டோணும். உங்க வண்டிக்கு 2028லதான் அம்பது. சரி, அது வரைக்கும் காத்திருந்தீங்கன்னே வெச்சுக்குவோம். விண்டேஜுன்னு புதுசாப் பதிய 20,000 ரூபா, பத்து வருசத்துக்குச் செல்லும். பாதி தள்ளுபடியில வருசத்துக்கு மிச்சமாகறது 1,708. பத்து வருசத்துக்குப் பெருக்கிப் பாருங், 17,080. மாப்ளை பி.காம். படிச்சவரு, மீதியை நான் சொல்லலைங். அதோட, அப்பிடிப் பதிஞ்ச வண்டியில தெனமும் ஓட்ட முடியாது. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், பெட்ரோல் போட, ரிப்பேருக்குக் கொண்டு போக, இதுக்குத்தான் ரோட்டுல எறக்கலாம். பழனிக்குப் போயி மொட்டை போட்டுக்கிட்டு வர்றதெல்லாம் அதுல வராதுங். சேசிஸ்ல, பாடியில, எஞ்சின்ல பெருசாக் கைவெச்சிருந்தா அந்தப் பதிவே கெடைக்காது. கோயம்புத்தூரு அவினாசி ரோட்டு ஜி.டி. கார் மியூசியத்துல நிக்கற வண்டிக்கு விண்டேஜ் பொருத்தம். உங்களுது இன்னும் தேங்கா மூட்டை ஏத்தற வயசுலதான் இருக்குது.

தேங்கா மூட்டைன்னதும் ஞாபகம் வருது. சொந்தக் கார் பாலிசியில சரக்கு ஏத்தறதும் சேராது. சரி, அதை அப்பறம் பேசுவோம். முக்கியமானது ஐ.டி.வி. மாமன் சொல்றதுல வேற எதைக் காத்துல உட்டாலும் இதை மட்டும் காதுல வாங்கிக்கங்.

ஐ.டி.வி.ன்னா, வண்டி களவு போனாலோ முழுசா எரிஞ்சாலோ கம்பெனி தர்றதா ஒத்துக்கிட்ட மதிப்பு. புது வண்டிக்கு அதுக்கொரு கணக்கு இருக்குது. ஷோரூம் வெலையில வயசுக்குத் தக்க கழிச்சுக்கிட்டே வருவாங்க, அஞ்சாவது வருசத்துல பாதி. அஞ்சு வருசம் தாண்டுன வண்டிக்கும், செய்யறதையே நிறுத்திட்ட வண்டிக்கும் கணக்கு ஒண்ணும் கெடையாது. நீங்களும் கம்பெனியும் பேசி முடிச்சுக்கறதுதான். கண்ணபுரம் சந்தையில காளை வெல பேசறாப்பல. ஆனா அங்க துண்டுக்கடியில வெரலப் புடிச்சு முடிச்சா வாக்கு வாக்குதான். இங்க துண்டுக்கடியில பேசுனது துண்டோடயே போயிரும், காயிதத்துல என்ன போட்டிருக்குதோ அதுதான் வெல.

உங்க ஏஜெண்டு என்ன பண்ணியிருக்கறான் பாருங். "சலீசாப் போடுங்க"ன்னு நீங்க கேட்டீங்க, அவனும் போட்டுட்டான். ஐ.டி.வி. 40,000. ப்ரீமியம் எறங்கிப் போச்சு, உங்களுக்குப் பூரிப்பு. இருவத்தஞ்சு வருசம் தேடி ரெண்டே முக்கால் லட்சத்துக்கு வாங்கின வண்டிய ராத்திரி ஒருத்தன் தள்ளிக்கிட்டுப் போனா, கம்பெனிக்காரன் நாப்பதாயிரத்துல கழிக்கறதைக் கழிச்சுக்கிட்டு மீதியை நீட்டுவான். அவம்மேல குத்தமில்லை, காயிதத்துல நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கறீங்க.

இன்னொரு கூத்து இருக்குது. ரிப்பேர்ச் செலவு ஐ.டி.வி.யில முக்கால் பங்கைத் தாண்டிருச்சுன்னா, வண்டி முழுச் சேதம்னு கணக்கு. நாப்பதாயிரத்துக்கு முக்கால் பங்கு முப்பதாயிரம். அம்பாசிடரு மூஞ்சி ஒருக்கா மரத்துல முட்டுச்சுன்னா, ரேடியேட்டரு, பானெட்டு, க்ரில்லு, டிங்கரிங்கு, பட்டி, பெயிண்டுன்னு முப்பதாயிரம் தாண்டாதுங்களா? மேஸ்திரி ஒரு வாரத்துல நிமுத்தித் தர்ற வண்டிய, கம்பெனி காயிதத்துல எழவு வண்டின்னு எழுதிரும். அதை மீட்டுத் திரும்ப ரோட்டுல எறக்க ஆர்.டி.ஓ. ஆபீஸ் படியை நீங்க எத்தனை தரம் ஏறுவீங்கன்னு நான் சொல்ல மாட்டேன், இன்னைக்கு நோம்பி நாளு.

அதனால பண்ண வேண்டியது இது. லைசென்ஸ் உள்ள சர்வேயர் ஒருத்தரைப் புடிச்சு மதிப்பீட்டுச் சான்று வாங்குங். சுத்தியும் போட்டோ, உள்ளயும் போட்டோ, எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர் தெரியற போட்டோ. வாங்குன ரசீது, நீங்க செலவு பண்ணுன பில்லு, எல்லாத்தையும் சேத்து வெச்சுக்கிட்டு, மூணு கம்பெனியில கேளுங். சொந்தச் சேதத்துக்கான ப்ரீமியம் 2007லருந்து அவங்கவங்க இஷ்டம், அங்கதான் பேரம் படியும். கொறைஞ்ச ப்ரீமியம் சொல்றவனை உடுங், உங்க மதிப்பை ஒத்துக்கறவனைப் பாருங். பாலிசியில ஏறுன ஐ.டி.வி.தான் அந்த வருசம் முழுசுக்கும் மார்க்கெட் வெலன்னு பாலிசியிலயே எழுதியிருக்கும். பின்னால வந்து "இது பழைய வண்டிங்க"ன்னு அவன் இழுக்க முடியாது. அதுக்காகப் பத்து லட்சம்னு போடச் சொல்லாதீங்க. சர்வேயரு உங்க ஒறம்பறையா இருந்தாலும் சிரிச்சுப்போடுவாரு.

சரி, முழு இன்சூரன்சு போடறதா வேண்டாமா? அங்கதான் மாமன் மெதுவாப் பேசோணும். பத்து வருசம் தாண்டுன வண்டிக்கு உலோகப் பாகத்துக்குப் பாதி வெலதான் தருவான். ரப்பரு, பிளாஸ்டிக்கு, டயரு, பேட்டரிக்கும் பாதி. கண்ணாடிக்கு மட்டும் கழிவில்லை. இருவதாயிரத்துக்கு ஒரு மட்கார்டும் கதவும் மாத்துனீங்கன்னா பத்தாயிரம் போச்சு. மீதியில கட்டாயமா நீங்க ஏத்துக்க வேண்டிய ஆயிரமும் போயி, கையில ஒம்பதாயிரம். அதுக்கும் பில்லு வேணும். புதுப்பேட்டையிலருந்து ஸ்பேர் கொண்டாந்த நம்ம மேஸ்திரி பீடிக்கட்டு அட்டையில எழுதித் தர்றாரே, அந்தக் கணக்கு கம்பெனியில செல்லாது. அதோட, க்ளைம் கேக்காம ஓட்டுனதுக்குச் சேந்த நோ க்ளைம் போனசும் போயிரும். பாத்தீங்கன்னா சின்னச் சின்ன இடிக்கு நீங்க க்ளைமுக்கே போகப் போறதில்லை. அப்பறம் எதுக்கு அதுக்குன்னு முழு ப்ரீமியம்? "அஞ்சாயிரம் வரைக்கும் நானே ஏத்துக்கறேன்"னு எழுதிக் குடுத்தீங்கன்னா ப்ரீமியத்துல கொறைப்பாங்க. சலீசுங்கறது அதுல இருக்குது மாப்ளே, நாப்பதாயிரம் ஐ.டி.வி.யில இல்லை.

அதவிட நல்ல வழியும் இருக்குது. தேர்டு பார்ட்டியோட தீ, திருட்டு மட்டும் சேத்துப் போட முடியுமான்னு கேட்டுப் பாருங். ஏஜெண்டுக்குக் கமிசன் கம்மி, அவனாச் சொல்ல மாட்டான். கட்டுத்தரைக்குள்ள நிக்கற வண்டிக்கு மோதல் பயம் எருமைகிட்ட மட்டுந்தான். ஆனா நாப்பது வருசம் தாண்டுன வயரிங்கு, பக்கத்துல வைக்கப்போரு, மேல தென்னங்கீத்து. கதவோ எந்தச் சாவிய உட்டாலும் தொறக்குது. தீயும் களவும்தான் உங்க வண்டிக்கு எமன். தானாப் பத்தி எரிஞ்சாலும் பாலிசியில வரும். வயரு கருகி ஸ்டார்ட் ஆகாம நின்னா வராது, அதுக்குப் பேரு பழுது. இந்த வழியில போனாலும் ஐ.டி.வி. சரியா இருக்கோணும், அதை மறந்துராதீங்க.

தேங்கா மூட்டைய அப்பறம் பேசலாம்னேன் இல்லீங்களா, அது மாதிரி பாலிசியில சேராதது இன்னும் இருக்குது. போன மொகூர்த்தத்துல உங்க அம்பாசிடரு மாலையும் ரிப்பனுமா பெருந்துறை மண்டபத்து வாசல்ல நின்னுதாமா. பொண்ணு மாப்பிள்ளை ஊர்வலம். உங்க சினேகிதர் கல்யாணமாத்தான் இருக்கும், வாடகை வாங்கியிருக்க மாட்டீங்க. நானாக் கேக்கலைங். ஆனா வாங்கியிருந்தீங்கன்னா, அன்னைக்கு ஏதாச்சும் ஆயிருந்தா கம்பெனி தர மாட்டேன்னு மறுக்கலாம். சொந்தக் கார் பாலிசியில வாடகைக்கு ஓட்டறது சேராதுன்னு எழுதியிருக்குது. சினிமாக்காரன் ஷூட்டிங்குக்குக் கேட்டாலும் அப்பிடித்தான். காசு பாக்கோணும்னா அதுக்குண்டான பெர்மிட்டு, அதுக்குண்டான பாலிசி. பழைய கார் ரேஸ், நேரம் வெச்சு ஓட்டற போட்டி, அதுவும் சேராதுங். உங்க வண்டி போற வேகத்துக்கு அந்தக் கவலை வேண்டாம்னு எம்புள்ள சொன்னா.

ஆர்.சி. புக்கை எடுத்து ஒருக்கா பாருங். அந்தக் காலத்துல பெட்ரோல் எஞ்சினைக் கழட்டிட்டு டீசல் எஞ்சின் மாட்டுன அம்பாசிடரு ஊருக்கு நாலு இருந்துது. சிலதுல கேஸ் கிட்டும் ஏறுச்சு. உங்களுக்கு வித்தவன் சாமி கும்புடற மனுசன்தான், இருந்தாலும் எஞ்சின் நம்பரும் புக்குல இருக்கற நம்பரும் ஒண்ணான்னு டார்ச் அடிச்சுப் பாத்துருங். வேறயா இருந்தா ஆர்.டி.ஓ.வுல மாத்தி எழுதாம பாலிசி எடுத்துப் பிரயோசனமில்லை. கையெழுத்துல இருக்கற பழைய புக்கைக் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சான்னும் கேளுங். ஏத்தாத வண்டிக்கு ஆன்லைன்ல பாலிசி கெடைக்கறது கஷ்டம். "ஆயிரத்து ஐநூறுல முடிச்சுத் தர்றேன்"னு வழியில நிக்கறவன் தர்றது பாலிசியில்லை, வெத்துக் காயிதம்.

கடைசியா, ஆல்ட்டோவ வித்துட்டுத்தானே இதை வாங்கினீங்க? அஞ்சு வருசம் க்ளைம் இல்லாம ஓட்டுனீங்கன்னா, சொந்தச் சேதப் ப்ரீமியத்துல பாதி தள்ளுபடி உங்க பேர்ல கெடக்குது. அந்த போனசு வண்டிக்கில்லை, சொந்தக்காரருக்கு. பழைய கம்பெனியில ஒரு லெட்டர் வாங்குனா அம்பாசிடருக்கு மாத்திக்கலாம், மூணு வருசத்துக்குள்ள. ஆல்ட்டோ வாங்குனவன் அதையும் சேத்து வாங்கிட்டதா உங்ககிட்டச் சொல்லியிருந்தா, நீங்க தலையாட்டியிருப்பீங்க, தெரியும்.

பாலிசி அடுத்த மாசம் முடியுதாமா. ஒரு நாள் தாண்டுனாலும் வண்டியக் கொண்டாந்து காட்டுன்னு சொல்லுவான். தொண்ணூறு நாள் தாண்டுனா அந்த போனசும் போச்சு. வர்ற திங்கக்கெழம காத்தால வண்டிய எடுத்துக்கிட்டு வாங், சர்வேயர்கிட்ட நானே கூட்டிக்கிட்டுப் போறேன். பெட்ரோல் உங்க செலவு.