வெட்டும் இடம் எது?

கணக்காளர், திருப்பூர்: ஐந்நூறு ஜிஎஸ்டி எண்களிலிருந்து பான் எண்ணை மட்டும் பிரிக்க வேண்டும். பார்த்துப் பார்த்து அடிப்பதில் கண் பூத்துவிட்டது.

விடை ஜிஎஸ்டி எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. மொத்தம் 15 எழுத்து. முதல் 2 மாநிலம், அடுத்த 10 பான். எக்செல் கட்டத்தில் சமக்குறி போட்டு மிட்(ஏ2,3,10) என்று ஆங்கில எழுத்தில் அடியுங்கள். மூன்றாம் எழுத்தில் தொடங்கிப் பத்து எழுத்து எடு என்று பொருள். அந்தக் கட்டத்தின் வலது கீழ் மூலையை இரண்டு முறை சொடுக்கினால் ஐந்நூறும் நிரம்பிவிடும்.

அவரே: லெஃப்ட்(ஏ2,2) போட்டால் தமிழ்நாட்டின் 33 வருகிறது. ஆனால் 33-க்குச் சமமா என்று கேட்டால் இல்லை என்கிறதே?

உங்களுக்கு அது எண், எக்செலுக்கு எழுத்து. லெஃப்ட், மிட், ரைட் எதில் வெட்டினாலும் எழுத்தாகத்தான் வரும். 33-ஐ இரட்டை மேற்கோளுக்குள் வைத்து ஒப்பிடுங்கள். வேல்யூ போட்டு எண்ணாக்க வேண்டாம். டெல்லியின் 07 வெறும் 7 ஆகிவிடும்.

கூரியர் அலுவலகம், மதுரை: முகவரியின் கடைசி ஆறு இலக்கம் பின்கோடு. ரைட்(ஏ2,6) போட்டால் சில வரிகளில் ஐந்துதான் வருகிறது.

அந்த ஆறில் ஓர் இடத்தில் இடைவெளி உட்கார்ந்திருக்கிறது. சிலர் முகவரிக்குப் பின் இடைவெளி விடுவார்கள். சிலர் 600 017 என்று நடுவில் விடுவார்கள். முதலில் சப்ஸ்டிட்யூட் கொண்டு எல்லா இடைவெளியையும் நீக்கிவிட்டு, அதன் மேல் ரைட் போடுங்கள். அப்படியும் அடங்காவிட்டால் அது இணையத்திலிருந்து ஒட்டியபோது வந்த வேறு வகை இடைவெளி. கேர்(160) என்று பெயர் சொல்லி நீக்க வேண்டும்.

கல்லூரி மாணவி, சேலம்: சூத்திரமே இல்லாமல் வெட்ட முடியாதா?

முடியும். எக்செல் 2013 முதல் ஃபிளாஷ் ஃபில் உண்டு. ஒரு மாதிரி அடித்துக் காட்டி, அடுத்த கட்டத்தில் கன்ட்ரோல்-இ அழுத்துங்கள். மூலத் தகவல் பிறகு மாறினால் இதில் வந்த விடை மாறாது, சூத்திரத்தின் விடை மாறும்.

ஆசிரியை, தஞ்சாவூர்: அப்பா பெயரின் முதல் எழுத்தைத் தலைப்பெழுத்தாக எடுக்க லெஃப்ட்(ஏ2,1) போட்டேன். கோபாலின் மகனுக்கு ‘க’, மீரானின் மகளுக்கு ‘ம’ வந்துவிட்டது.

நல்லவேளை, சான்றிதழ் அச்சாகுமுன் பார்த்தீர்கள். நாம் ஒன்றாகப் படிக்கும் ‘கோ’ யூனிகோடில் இரண்டு: க, அதன் பின் ஓகாரக் குறி. ‘தமிழ்’ என்பதை லென் ஐந்து என்று எண்ணுவதும் இதனால்தான். ழகரத்தின் புள்ளிக்கும் தனிக் கணக்கு. தமிழின் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் 3006 முதல் 3021 வரையிலான எண்களுக்குள் இருக்கின்றன. யுனிகோட்(மிட்(ஏ2,2,1)) அந்த எல்லைக்குள் வந்தால் இரண்டு எழுத்து எடு, இல்லையென்றால் ஒன்று எடு என்று இஃப் போடுங்கள். கோபாலுக்குக் ‘கோ’, கமலுக்குக் ‘க’ சரியாக வரும். ஸ்ரீதரை மட்டும் கையால் திருத்துங்கள்: ‘ஸ்ரீ’ நான்கு குறிகள், இந்தச் சூத்திரம் ‘ஸ்’ என்பதோடு நின்றுவிடும்.