முகப்புப் பக்கத்தில் இடைச்செருகல்: படாளம் கூட்டுரோட்டை முன்வைத்து ஒரு மூலபாட ஆய்வு

பிரவுசரைத் தமிழில் உலாவி என்பதா, உலவி என்பதா, மேலோடி என்பதா என்று அறிஞர்கள் முடிவு செய்வதற்குள் அதில் மூன்று டூல்பார்கள் குடியேறிவிட்டன. எனவே பெயராய்வை ஒரே வரியில் முடித்துக்கொள்வோம்: இக்கட்டுரையில் பிரவுசர் என்றால் பிரவுசர். உளவு மென்பொருள், தானாக மாறும் முகப்புப் பக்கம், ஒன்றைத் தேடினால் வேறொன்றைக் காட்டும் தேடல் பெட்டி ஆகிய அனைத்தையும் இதுவரை எழுதியவர்கள் 'வைரஸ்' என்ற மருத்துவச் சொல்லுக்குள் அடைத்ததுதான் இத்துறையின் முதற்பிழை. நோய் யாரிடமும் அனுமதி கேட்டு வருவதில்லை. இவை கேட்டுத்தான் வருகின்றன, நாமும் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று அழுத்தி வரவேற்கிறோம். ஒருவர் நூலுக்குள் இன்னொருவர் தம் சரக்கை, மூல ஆசிரியர் நடையிலேயே எழுதி, சத்தமில்லாமல் நுழைத்துவிட்டுப் போவதற்குத் தமிழில் ஏற்கெனவே பெயர் உண்டு: இடைச்செருகல். ஆகவே பிரவுசருக்கு வேண்டியவர் வைத்தியர் அல்லர், பதிப்பாசிரியர் என்பதே இவ்வாய்வின் துணிபு.

ஆய்வுக்களம் படாளம். செங்கல்பட்டிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் பாலாற்றைக் கடந்து தெற்கே வந்தால் மதுராந்தகத்துக்கு முன்னால் வரும் ஊர். கூட்டுறவுச் சர்க்கரை ஆலையாலும் வேடந்தாங்கலுக்குத் திரும்பும் சாலையாலும் அறியப்படுவது. 'பட்டாளம்' என்ற சொல்லிலிருந்து யாரோ ஓர் ஒற்றை உருவிக்கொண்டதால் 'படாளம்' ஆனது என்று இங்கே ஒரு கருத்தை முன்வைக்கலாம். ஆதாரம் ஏதும் இல்லை. ஊர்ப்பெயராய்வில் அது ஒரு தடையாகக் கருதப்பட்டதும் இல்லை. நம் துணிபுக்கு வேடந்தாங்கல் இதைவிட வலுவான சான்று. வலசைப் பறவை வெளியூரிலிருந்து வருகிறது, கூடு கட்டுகிறது, குஞ்சு பொரிக்கிறது, பருவம் முடிந்ததும் போய்விடுகிறது. டூல்பார் கடைசிச் செயலைத் தவிர மற்ற அனைத்தையும் செய்கிறது. பறவைகளைக் காக்க ஊரார் 1798-இல் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் உரிமை பெற வேண்டியிருந்தது. டூல்பார்கள் எந்தக் கலெக்டர் தயவும் இல்லாமலே பத்திரமாக இருக்கின்றன. வகைமாதிரியாக ஒரு சாலையோர ஜெராக்ஸ் கடைக் கணினியைக் கற்பனை செய்துகொள்வோம். பட்டா எடுக்க வந்தவர் முன்னால் பிரவுசர் திறக்கிறது. கூகுள் மாதிரியே ஒரு பக்கம், ஆனால் எழுத்துகளின் நிறம் ஓரிடத்தில் பிசகியிருக்கிறது. அதற்கு மேலே கூப்பன் தருவதாகச் சொல்லும் பட்டை, அதற்கும் மேலே வானிலை சொல்லும் பட்டை. வலது மூலையில், கணினியில் ஐந்து வைரஸ் இருப்பதாக நிமிடத்துக்கொருமுறை ஒரு பெட்டி எழுந்து கத்துகிறது. 'நீங்கள் ரோபோ அல்ல என்று காட்ட அனுமதி என்பதை அழுத்துங்கள்' என்ற ஏதோ ஒரு பக்கத்தில், தாம் ரோபோ அல்லர் என்று நிரூபிக்கும் ஆவலில், யாரோ அழுத்திய அனுமதியின் பலன் அது (காண்க: மேற்படி கற்பனைக் கடை, இரண்டாம் கணினி, திரை துடைக்கப்படாத பதிப்பு).

இவ்விடைச்செருகல்களின் கால அடுக்குகளைப் பானை ஓடுபோல் வரிசைப்படுத்தலாம். அடி அடுக்கு 1997: இன்டர்நெட் எக்ஸ்புளோரர் நான்காம் பதிப்பு, பிரவுசருக்குள் பிறர் எழுதிய உதவிப் பொருள்கள் குடியிருக்க வழி திறந்தது. உதவி என்ற சொல்லின் பொருள் அன்றோடு மாறியது. அடுத்த அடுக்கு இலவச இணைப்புக் காலம்: ஜாவாவை நிறுவப் போனவருக்கு ஆஸ்க் டூல்பார், முன்கூட்டியே டிக் அடித்த கட்டத்தோடு, கொசுறாகக் கிடைத்தது. மளிகைக் கடையில் கொசுறாகக் கறிவேப்பிலை கொடுப்பார்கள். கறிவேப்பிலை வீட்டுக்கு வந்து அலமாரியை மாற்றி அடுக்குவதில்லை. 2015-இல் வெளிப்பட்ட சூப்பர்ஃபிஷ் இன்னும் ஒருபடி மேல்: புதிய லெனோவோ மடிக்கணினிகள் சிலவற்றில் விற்பனைக்கு முன்பே ஏறியிருந்து, பூட்டுக்குறி போட்ட பாதுகாப்பான பக்கங்களுக்குள்ளும் விளம்பரம் செருகியது. மூலபாடமே அச்சகத்தில் கெட்டுப்போன நிலை. 2017-இல் செக் பாயின்ட் நிறுவனம் ஃபயர்பால் என்ற முகப்புப் பக்கத் திருடன் உலகில் 25 கோடி கணினிகளில் இருப்பதாகவும், அவற்றில் 2.5 கோடிக்கு மேல் இந்தியாவில் என்றும் அறிவித்தது; மைக்ரோசாஃப்ட் அந்த எண்ணிக்கை மிகை என்றது. ஒரு துறை அறிவியலாக முதிர்ந்துவிட்டது என்பதற்கு இரு தரப்பும் எண்ணிக்கையில் சண்டையிடுவதைவிட வேறு அடையாளம் வேண்டுமா? இதற்கிடையே, இதே ஜி.எஸ்.டி. சாலையில் கூடுவாஞ்சேரிப் பக்கம் இருக்கும் ஜோஹோ, 2023-இல் 'உலா' என்ற பிரவுசரை வெளியிட்டது. உலா இலக்கியத்தில் தலைவன் வீதியில் வந்தால் ஏழு பருவத்து மகளிரும் மயங்க வேண்டும் என்பது விதி. இந்த உலாவோ, போகுமிடமெல்லாம் தொடர்ந்து வரும் விளம்பர உளவாளிகளைத் தடுப்பதே தன் சிறப்பு என்கிறது. இலக்கண மீறலைக் கண்டித்துப் புலவர்கள் இன்னும் கருத்தரங்கு கூட்டாதது வியப்பு.

காவல் முறைகளில் மூத்தது சாபம். தானத்தைப் பொறித்த கல்வெட்டின் கடைசியில், இதை அழித்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தை அடைவான் என்று எழுதிவைப்பது நம் முன்னோர் கண்ட பயனர் ஒப்பந்தம். அதையும் யாரும் கடைசிவரை படித்ததில்லை. சாபம் பலிக்குமா என்பதற்குச் சோதனைச் சாலை மாமல்லபுரத்தில் இருக்கிறது. ராமானுஜ மண்டபம் என்று இன்று சொல்லப்படுவது பல்லவர் காலத்துச் சிவன் குடைவரை. அதன் தரையில், உருத்திரன் குடியிராத நெஞ்சினரைச் சபிக்கும் வடமொழிச் செய்யுள் வெட்டப்பட்டிருக்கிறது. பலன்? பிற்காலத்தில் வந்தவர்கள் உள்ளறைச் சுவர்களை எடுத்தார்கள், பின்சுவரில் இருந்த சிற்பத்தைச் செதுக்கி அகற்றினார்கள், முகப்பில் சங்கும் சக்கரமும் ஏற்றினார்கள். முகப்பு மாறியது, உள்ளடக்கம் அழிந்தது, எச்சரிக்கை மட்டும் காலடியில் அப்படியே கிடக்கிறது. பிரவுசர் கடத்தலின் எல்லாக் கூறுகளும் இதில் உண்டு. (மாமல்லபுரக் குடைவரைகளை அமைத்தவன் ஒரே அரசனா, பலரா என்ற வழக்கு 1962 முதல் நடக்கிறது. டூல்பாரை நிறுவியது யார் என்ற வழக்கைவிட அது எளியது. அரசர்கள் யாரும் 'நான் தொடவே இல்லை' என்று சாதிப்பதில்லை.)

சாபம் போனால் காவலன். மதுராந்தகத்தில் ஏரிக்கரை உடையவிருந்த இரவில் ராமனும் இலட்சுமணனும் வில்லோடு கரையில் நின்று காத்ததாகவும், அதை முன்சொன்ன பிளேஸ் துரையே கண்டதாகவும் வழக்கு. ஏரி காத்த ராமரை உலகின் முதல் தீச்சுவர் என்று நிறுவ மூன்று அதிகாரம் எழுதலாம், இடம் போதாது. ஆனால் ஏரியைப் பற்றித் தெரிந்த எவருக்கும் தெரியும்: கரை எவ்வளவு உறுதியாக இருந்தாலும் மதகைத் திறந்துவிட்டால் தண்ணீர் போகும். ஆன்டிவைரஸ் கரையில் நிற்கிறது. பிரவுசரில் நாம் சேர்க்கும் துணைநிரலான எக்ஸ்டென்ஷனோ மதகு வழியாக, நம் கையாலேயே திறக்கப்பட்டு, 'எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்' அனுமதி வாங்கிக்கொண்டு வருகிறது. படிக்கவும் மாற்றவும்! உ.வே.சா. கூட ஏட்டைப் படித்தார், பாடபேதம் குறித்தார்; மாற்றும் உரிமையைக் கேட்கவில்லை.

எனில் மதகில் யாரை நிறுத்துவது? விடை வேடந்தாங்கலையும் தாண்டி மேற்கே, உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்தில் 919-லும் 921-லும் சுவரில் வெட்டி வைக்கப்பட்டிருக்கிறது. ஊர் வாரியத் தேர்தலுக்கான குடவோலையில் பெயர் எழுதப்படுபவருக்கு வரி செலுத்தும் கால் வேலி நிலமும் சொந்த மனையில் கட்டிய வீடும் வேண்டும். 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி வயது 35-க்கு மேல், 70-க்குக் கீழ். இதை எக்ஸ்டென்ஷன்களுக்குப் பொருத்தினால் முதல் சுற்றிலேயே கடை காலியாகும். பிடிஎஃப் மாற்றித் தரும் ஒன்றுக்கு நிலம் எங்கே, மனை எங்கே? பெயரைச் சொடுக்கினால் ஒரு மின்னஞ்சல் முகவரி, அதுவும் எண்களால் ஆனது. நிற்க, கல்வெட்டின் உயிர்நாடி அடுத்த விதியில் இருக்கிறது: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் தேர்வுக்கு ஆகார். அவர் மட்டுமா? அவருடைய தாயின் சகோதரிகள் மக்கள், தந்தையின் சகோதரி மக்கள், மாமன் மக்கள், மாமனார், உடன்பிறந்தாளை மணந்தவர், மருமகன், தகப்பன், மகன் என எவரும் ஆகார். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய இவ்விதியை வாசிக்கையில் மெய்சிலிர்க்கிறது. கூப்பன் காட்டும் எக்ஸ்டென்ஷன் பிடிபட்டால் நாம் அதை மட்டும் நீக்குகிறோம். அதன் சிற்றன்னை மகனான வானிலைப் பட்டை, மாமன் மகனான வீடியோ இறக்கி, உடன்பிறந்தாளை மணந்த 'வேகமான தேடல்' ஆகிய மூவரும் அடுத்த வரியிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரே வெளியீட்டாளர் வெவ்வேறு பெயரில் குடும்பத்தோடு வருவது இவ்வுலகின் வழக்கம் (காண்க: மேற்படி கடை, எக்ஸ்டென்ஷன் பட்டியல், மேலிருந்து கீழ்). உறுப்பினர் மாறினால் கணக்கு புதிதாகக் கேட்க வேண்டும் என்பதற்கும் உலகச் சான்று உண்டு. திறந்துகிடக்கும் பக்கங்களைத் தூங்கவைக்கும் 'கிரேட் சஸ்பெண்டர்' 20 லட்சம் பேருக்கு மேல் நம்பிய எக்ஸ்டென்ஷன். 2020-இல் அதை உருவாக்கியவர் இன்னொருவருக்கு விற்றார். பெயர் மாறவில்லை, கொடுத்த அனுமதி மாறவில்லை, உடையவர் மட்டும் மாறினார். 2021 பிப்ரவரியில் தீம்பொருள் இருப்பதாகக் கூறி கூகுள் அதை நீக்கியது. பத்திரப் பதிவில் வீடு கைமாறினால் வில்லங்கம் பார்க்கிறோம். நம் கடவுச்சொற்களைப் படிக்கக்கூடிய ஒன்று கைமாறினால் அறிவிப்பு ஓலைகூட வருவதில்லை.

சிலர் மறுக்கலாம். அரசே பாதுகாப்புக் கருவி தருகிறதே என்பர். உண்மை: 2017-இல் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரம் இலவசக் கருவிகள் தருகிறது, சி-டாக் உருவாக்கிய ஜேஎஸ்கார்டும் அவற்றுள் ஒன்று. ஜேஎஸ்கார்டு என்பது ஓர் எக்ஸ்டென்ஷன். முள்ளை முள்ளால் எடுக்கலாம், எடுத்த முள்ளை எங்கே வைப்பது என்பது தனி ஆய்வு. 'ரீசெட் அழுத்தினால் போதும்' என்பர் வேறு சிலர். அது தேடுபொறியையும் தொடக்கப் பக்கத்தையும் மீட்கும், எக்ஸ்டென்ஷன்களை முடக்கும், நல்ல சிகிச்சைதான். ஆனால் சில பிரவுசர்களின் அமைப்புப் பக்கத்தில் 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்ற வரி இருக்கும். பெரிய அலுவலகத்தில் அது இயல்பு. முதலாளியும் ஒரு பையனும் மட்டும் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் அந்த நிறுவனம் எது? முதலாளி தாம் இல்லை என்பார், பையனும் அதையே சொல்வான். எஞ்சியது லேமினேஷன் இயந்திரம். உண்மையில், நீக்க முடியாதபடி தன்னைக் கட்டாய விதியாக விண்டோஸில் எழுதிக்கொண்ட திருடனே அந்த நிறுவனம். விதியை அழிக்காமல் அவனை அழிக்க முடியாது.

இன்னும் ஒரு பதுங்குமிடம் உண்டு, ரீசெட்டுக்கும் தப்பக்கூடியது. திரையில் இருக்கும் பிரவுசர் குறுக்குவழியில் வலது சொடுக்கு, பண்புகள், இலக்கு. பிரவுசரின் முகவரி மேற்கோள்குறிக்குள் இருக்கும். திருடன் தன் இணைய முகவரியை மூடும் குறிக்குப் பின்னால் ஒட்டியிருப்பான். நீங்கள் என்ன மாற்றினாலும் ஒவ்வொரு முறையும் அவன் பக்கம் திறக்கும். பதிப்பாசிரியர் இங்கே மேற்கோள்குறிக்கு வெளியே இருக்கும் பிறர் சரக்கை நீக்கினால் போதும். நம் ஆய்வேடுகளில் அந்த வசதி இல்லை. அங்கே பிறர் சரக்கு வரும், மேற்கோள்குறி வராது.