மூணு பேஸு மாப்ளைக்கு நாலு வார்த்தை

வா மாப்ள, உக்காரு. மோட்டாருக்கு ஹார்மோனிக் ஊசி போட்டா இழுவை கூடும்னு செல்போன்ல படிச்சிட்டு, ஸ்டார்டர் பெட்டிய மொறைச்சிக்கிட்டே நிக்கிறியாமே? உங்க அத்தை சொன்னா. செந்துறை பக்கம் முந்திரிக்கு மருந்தடிக்கிற ஆளு நெறைய உண்டு, கரண்டுக்கு ஊசி போடுற வைத்தியரு நீதான் மொதோ ஆளு.

ஆனா நீ போடுற ஊசி உள்ளயே எறங்காதே! உன்னோடது மூணு பேஸு, ஸ்டார் கட்டு, நியூட்ரல் ஒயரு வெளிய வரல. மூணாவது ஹார்மோனிக், அதாவது லைன் கரண்டோட மூணு மடங்கு வேகத்துல ஆடுற 150 ஹெர்ட்ஸ், மூணு பேஸுலயும் ஒரே நேரத்துல ஏறி ஒரே நேரத்துல எறங்கும். மூணும் ஒண்ணா உள்ள போனா, திரும்பி வர வழி ஏது?

அஞ்சாவதப் போடுறேங்கிறியா? அந்த 250 ஹெர்ட்ஸு, மோட்டாரு ஓடுற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமா சுத்தப் பாக்கும். சூடுதான் மிச்சம். ரெண்டு பேஸு வர்ற நேரத்துல கண்டென்சரப் போட்டு ஓட்டி, அந்த எதிர்ச்சுழல் புண்ணியத்த நீதான் ஏற்கெனவே மூட்டை கட்டி வச்சிருக்கியே!

நீ படிச்சது பொய்யில்ல, ஆனா அது அஞ்சு பேஸு மோட்டாருக்கு. அமெரிக்காவுல டோலியத், லிப்போ முதலான ஆராய்ச்சிக்காரங்க 1991-லயே அந்த மோட்டார அலசிட்டாங்க. அதுல மூணாவது ஹார்மோனிக் கரண்டு போய்வர வழி உண்டு. பதமாக் கலந்தா, காந்தம் ஒரே எடத்துல குவியாம இரும்பு முழுக்கப் பரவும். அதே இரும்பு கூட இழுக்கும். அதுக்குக் காயில் வேற, இன்வர்ட்டர் வேற. நம்ம கம்பத்துல மூணே ஒழுங்கா வந்தா மாரியாத்தாளுக்குக் கூழு ஊத்துறேன்னு வேண்டியிருக்கேன். நீ அஞ்சு கேக்குற.

உனக்கு ஆசை அடங்கலன்னா, வேளாண் பொறியியல் துறை மானியத்துல வர்ற சோலார் பம்பப் பாரு. அதுல பேனல் கரண்ட மூணு பேஸா மாத்துறது இன்வர்ட்டர்தான். இன்வர்ட்டர்ல கரண்டுக்குப் பதிலா வோல்டேஜுல மூணாவதக் கலக்குற வித்தை ஒண்ணு இருக்கு. வைக்கோல் வண்டியில உச்சி கூம்பா நின்னா பாலத்துல இடிக்கும். உச்சிய அமுக்கிப் பரப்புனா இன்னும் நாலு கட்டு ஏத்தலாம். அப்படித்தான், ஆறுல ஒரு பங்கு கலந்தா 100-ல நின்ன உச்சி 86.6-க்கு எறங்கும். அதே பேனல் வோல்டேஜுல 15 சதவீதம் கூட எடுக்கலாம். மூணு பேஸுலயும் ஒரே அளவு கலந்ததால, ரெண்டு ஒயருக்கு நடுவுல அது கழிஞ்சிடும். மோட்டாருக்குத் தொந்தரவே தெரியாது. மேகம் மூடி வோல்டேஜு எறங்குற நேரத்துல அந்த 15-தான் கை குடுக்கும். அதெல்லாம் செஞ்சு அனுப்புறவங்க புரோகிராம்ல எழுதுற வேலை. நீ திருப்புளியோட கெளம்பிடாத.

உன் வேலை, மீட்டரப் புடிச்சு மூணு பேஸும் சமமா இருக்கான்னு பாக்குறது. கண்டென்சரக் கழட்டி வையி. 1990-லேருந்து விவசாயத்துக்குக் கரண்டு இலவசம் மாப்ள. ரீவைண்டிங் கடைக்கு இன்னும் அந்த உத்தரவு வந்து சேரல.