தேங்காய் போகும், நெய் போகாது

ஜெர்மனியில் ஒரு செமஸ்டர் என்பது காகிதத்தில் ஆறு மாதம். குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1-ல் தொடங்கி மார்ச் 31-ல் முடிகிறது. வகுப்புகள் ஆரம்பிப்பதோ அக்டோபர் நடுவில்தான். நடுவே கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் கடை கட்டிவிடுவார்கள். பிப்ரவரியில் வகுப்பு முடிந்து தேர்வு வந்துவிடும். ஆக, ஒரு செமஸ்டருக்காக அங்கே போகும் தமிழ்நாட்டு மாணவர் கையில் கிடைப்பது நாலு மாதத்துக்கும் குறைவு. இதற்காகச் சென்னையிலோ கோவையிலோ ஆறு மாதம் முன்பே வேலை தொடங்குகிறது. நாலு இட்லிக்கு ஆறு படி மாவு அரைக்கும் கணக்கு இது.

முதல் வேலை பாட ஒப்பந்தம். அங்கே எந்தெந்தப் பாடம் படிக்கப்போகிறார், அது இங்கே எந்தப் பாடத்துக்கு ஈடாகும் என்று இரண்டு கல்லூரிகளும் கையெழுத்திடும் தாள். ஐரோப்பியக் கணக்கில் ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. துறைத்தலைவர் வாயால் "அதெல்லாம் பார்த்துக்கலாம்பா" என்று சொன்னதைத் திரும்பி வந்தபின் யாரும் பார்த்துக்கொள்வதில்லை. கையெழுத்து விமானம் ஏறும் முன்பே விழ வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் காலண்டரில் இருக்கிறது. அங்கே பிப்ரவரி, மார்ச்சில் தேர்வு நடக்கும்போது தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் அடுத்த செமஸ்டர் பாதி ஓடியிருக்கும். மலிவாகக் கிடைத்தது என்று ஜனவரி கடைசிக்குத் திரும்பும் டிக்கெட்டைப் போட்டுவிட்டு, தேர்வுத் தேதி வந்ததும் தலையில் கைவைப்பவர்கள் ஆண்டுதோறும் உண்டு.

அடுத்தது பணம். படிப்புக்குக் காசு இருக்கிறது என்று காட்ட ஒரு முடக்குக் கணக்கு திறக்க வேண்டும். மாணவர்கள் இதை 'பிளாக்டு அக்கவுன்ட்' என்பார்கள். 2024 செப்டம்பர் முதல் மாதத்துக்கு 992 யூரோ என்ற கணக்கில் மொத்தத்தையும் முன்கூட்டியே போட வேண்டும். பிறகு மாதம் பிறந்தால்தான் அந்தந்த மாதப் பங்கு கைக்கு வரும். சொந்தப் பணத்தைச் சம்பளம்போல வாங்கும் இந்த ஏற்பாடு அப்பாக்களுக்கு மிகவும் பிடித்துப்போகிறது. விசாவுக்குச் சென்னையிலேயே ஜெர்மன் துணைத் தூதரகம் இருப்பது வசதி. நேர்காணல் தேதி கிடைப்பதுதான் கஷ்டம். அனுமதிக் கடிதம் வந்த அன்றே அந்த வரிசையில் நின்றுவிடுவது நல்லது.

விசா வந்ததும் பெட்டி கட்டும் படலம் சூடுபிடிக்கிறது. வெளியிலிருந்து வரும் பயணி இறைச்சியோ பால் பொருளோ கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை. அந்தத் தடையில் நெய், பால்கோவா இரண்டும் அடக்கம். அம்மா மூன்று அடுக்கு பாலிதீன் சுற்றினாலும் சட்டம் மாறாது. செடி, இலை, பழம் எதுவானாலும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். கறிவேப்பிலைக்கும் அதே கதி. இதில் விதிவிலக்கு ஐந்து மட்டும்: தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, அன்னாசி, துரியன். பிரஸ்ஸல்ஸ் அதிகாரிகள் அறிந்து செய்தார்களா தெரியாது. அர்ச்சனைத் தட்டில் தேங்காயும் பழமும் தாராளமாகப் போகலாம், வெற்றிலை மட்டும் நின்றுவிடும். சாம்பார்ப் பொடி, பருப்புப் பொடி, புளி, காய்ந்த வடகம் இவற்றுக்குச் சிக்கலில்லை. குக்கர் கொண்டுபோகிறவர் அடி தட்டையான இண்டக்‌ஷன் குக்கராகப் பார்த்து எடுக்க வேண்டும். விடுதி அடுப்புகள் பெரும்பாலும் மின்சாரம்தான்.

இறங்கியதும் முதல் சடங்கு முகவரிப் பதிவு. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் பெயரைப் பதிய வேண்டும், இந்தச் சடங்குக்குப் பெயர் 'அன்மெல்டுங்'. அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதித்தாள் தேவை. பதிவுத் தாள் இருந்தால்தான் மற்ற கதவுகளில் பாதி திறக்கும். எனவே விலை குறைவு என்று பதிவுக்கு ஒத்துக்கொள்ளாத அறையைப் பிடிப்பது, படியில்லாத மாடியை வாடகைக்கு எடுப்பதுபோல. மருத்துவக் காப்பீடும் கட்டாயம். மாதம் நூறு யூரோவுக்கு மேல் அதற்கே போய்விடும்.

வகுப்பறையில் தமிழருக்கு ஒரு இன்ப அதிர்ச்சி காத்திருக்கிறது. கால அட்டவணையில் '10 சி.டி.' என்று போட்டிருந்தால் வகுப்பு 10:15-க்குத்தான். 'கும் டெம்போரே' என்ற லத்தீன் தொடரின் சுருக்கம் அது. நம் கல்யாண மண்டபங்களில் எழுதாமல் நடக்கும் வழக்கத்துக்கு அங்கே லத்தீனில் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் 'எஸ்.டி.' என்றிருந்தால் பத்து என்றால் பத்துதான். பாடம் முடிந்ததும் எல்லாரும் விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள். முதல் நாள் இதைக் கலாட்டா என்று நினைத்துப் பேராசிரியருக்காகப் பரிதாபப்படும் மாணவர், இரண்டாம் வாரம் தானும் தட்டுவார்; அங்கே அதுதான் கைதட்டல். பல பாடங்களில் வருகைப் பதிவேடு கிடையாது. இந்தச் சுதந்திரத்தை நம்பி ஏமாறக் கூடாது. பல பாடங்களில் செமஸ்டர் முழுவதற்கும் கடைசியில் ஒரே தேர்வு. அதற்கும் குறித்த தேதிக்குள் தனியாகப் பதிய வேண்டும். பதியாதவர் எவ்வளவு படித்திருந்தாலும் எழுத முடியாது.

தெருவில் கற்க வேண்டியது வேறு. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை மாலை பால் வாங்க மறந்தவருக்குத் திங்கள் காலைதான் காபி. ஞாயிறு முழுதும், மற்ற நாளில் இரவு பத்து மணிக்கு மேல், அமைதி நேரம். சட்னிக்கு மிக்ஸி போட்டால் பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டுவார். கடுகு தாளித்தால் கூரையிலுள்ள புகை எச்சரிக்கைக் கருவி முந்திக்கொள்ளும்.

பாட்டில் சங்கதி தனிப் பாடம். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் கேனுக்கும் 25 சென்ட் முன்பணம் வாங்கிக்கொள்வார்கள். ஏறத்தாழ 25 ரூபாய். பெரிய கடை வாசலில் நிற்கும் இயந்திரத்தின் வட்ட வாய்க்குள் பாட்டிலைப் படுக்கவைத்தால் அது உள்ளே இழுத்து, உருட்டி, பட்டைக்கோட்டைப் படித்து, கடைசியில் ஒரு ரசீதைத் துப்பும். அதைக் கல்லாவில் கொடுத்தால் பணம். நம் ஊர் தண்ணீர் பாட்டிலில் 'உபயோகித்தபின் நசுக்கிப் போடவும்' என்று அச்சிட்டிருப்பதைப் படித்து வளர்ந்த பிள்ளை, முதல் வாரம் பொறுப்பாக எல்லாவற்றையும் நசுக்கிக்கொண்டு போகிறது. இயந்திரம் ஒவ்வொன்றையும் வாயிலிருந்து வெளியே தள்ளுகிறது. பின்னால் வரிசையில் ஏழு பேர் பேசாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஜெர்மன் மௌனத்துக்கு இலக்கணம் அங்கேதான் விளங்கும்.

வீட்டுக்குப் பேசுவதிலும் ஒரு திருப்பம். இரவு ஒன்பதுக்கு அம்மா அழைத்தால் அங்கே மாலை ஐந்தரை. அக்டோபர் கடைசி ஞாயிறன்று ஜெர்மனி கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. அதன்பின் அதே அழைப்பு நாலரைக்கு, வகுப்பு நடுவில் வரும். "சாப்பிட்டியாப்பா?" என்ற கேள்விக்கு மதியச் சாப்பாட்டைச் சொல்வதா, ராத்திரிச் சாப்பாட்டைச் சொல்வதா என்ற குழப்பம் மார்ச் வரை தீராது. டிசம்பரில் அந்த நாலரை மணிக்கே பொழுதும் அடைந்துவிடும்.

இத்தனைக்கும் நடுவே செமஸ்டரை வீணாக்காமல் அனுபவிப்பது எப்படி? இரண்டு வகையினர் அதை வீணாக்குகிறார்கள். ஒரு வகை, விடுதியில் நாலு தமிழர் சேர்ந்து தினம் ரசம் வைத்து, சென்னையை அப்படியே நிறுவிவிடுவது. இன்னொரு வகை, வெள்ளி மாலை மலிவு விமானம் ஏறி, மூன்று மாதத்தில் பத்து நாட்டுக் கோபுரங்களின் முன் படம் எடுத்துக்கொள்வது. இவருக்குத் தான் குடியிருக்கும் தெருவில் ரொட்டிக்கடைக்காரர் பெயர்கூடத் தெரியாது. இருவருக்கும் நடுவே வழி உண்டு. தமிழ் கற்க விரும்பும் ஜெர்மானியர் அரிது. ஆங்கிலம் பேசிப் பழக விரும்புகிறவர் நிறைய. அரை மணி ஆங்கிலம், அரை மணி ஜெர்மன் என்று துணை பிடித்துக்கொண்டால் காசில்லாமல் மொழி வரும். மதிய உணவை 'மென்ஸா' எனும் மாணவர் உணவகத்தில் வைத்துக்கொண்டால் ஆள் பழக்கமும் சேரும்.

ஊரைப் பார்க்கவும் உள்ளூர் ரயிலே போதும். ஆஹன் நகரில் படிப்பவர் மாணவர் பயணச்சீட்டோடு ஆர்.இ.1 ரயிலில் ஏறினால் கொலோன், டியூஸல்டார்ஃப், எஸ்ஸன், டார்ட்மண்ட் என்று ஓடி ஹாம் வரை போய்விடலாம். அந்த ஹாம் நகரின் ஓரத்தில், தொழிற்கூடங்களுக்கு நடுவே, ஈழத்திலிருந்து வந்த தமிழர்கள் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. 2002-ல் குடமுழுக்கு கண்டது. ராஜகோபுரம் சுமார் 17 மீட்டர். தேர்த்திருவிழா கோடையில் வருவதால் குளிர்கால மாணவருக்கு அது வாய்க்காது. பனியில் காலுறையோடு பிரகாரம் சுற்றுவதும் ஓர் அனுபவம்தான்.

கிளம்பும்போது வந்த வரிசை அப்படியே தலைகீழாக நடக்கும். முகவரிப் பதிவை நீக்க வேண்டும், காப்பீட்டை முடிக்க வேண்டும், கணக்கில் மிஞ்சியதை வாங்க வேண்டும், அறையில் சேர்ந்த பாட்டில்களை நசுக்காமல் இயந்திரத்துக்குக் கொடுக்க வேண்டும். மதிப்பெண் பட்டியல் மட்டும் சில வாரம் கழித்து வந்துசேரும். ஜெர்மனியில் 1.0 உச்சம், 4.0 பாஸ், 5.0 ஃபெயில். பட்டியலில் 1.3 என்பதைப் பார்த்துவிட்டு, "எத்தனைக்குடா 1.3?" என்று தாத்தா கண்ணாடியைக் கழற்றுவார். இந்த அட்டவணையையும் அச்சடித்துப் பெட்டியில் வைத்துக்கொள்வது உத்தமம்.